தராசு யார் கையில்?
பல்கலைக்கழகத் தரவரிசைகளை நம்பலாமா?

ஆண்டுதோறும் உலகப் பல்கலைக்கழகங்களின் தரவரிசைப் பட்டியல்கள் இலண்டனிலிருந்தும் ஷாங்காயிலிருந்தும் வெளியாகின்றன. இன்ன கழகம் முதலாமிடம், இன்னது நூறாமிடம், இன்னது ஆயிரத்துக்கும் அப்பால் என்று அவை தீர்ப்புக் கூறுகின்றன. தீர்ப்பு வெளியான மறுநாள், ஏறியவர் பத்திரிகைகளில் விளம்பரஞ் செய்கின்றனர். இறங்கியவர் மௌனஞ் சாதிக்கின்றனர். அமைச்சர்கள் அறிக்கை விடுகின்றனர். பெற்றார் தம் பிள்ளைகளின் எதிர்காலத்தை அப்பட்டியலின் எண்களைக் கொண்டு கணிக்கத் தலைப்படுகின்றனர். இத்தீர்ப்பை வழங்கும் நீதிபதி யார், அவருக்கு அவ்வதிகாரத்தை அளித்தவர் யார், அவர் ஏற்றுக்கொண்ட சாட்சியம் யாது என்று கேட்போர் மிகச் சிலரே.

ஈழத் தமிழருக்கு இக்கேள்விகளைக் கேட்கும் உரிமை மட்டுமன்றிக் கடமையும் உண்டு. 'தரப்படுத்தல்' என்னுஞ் சொல் பிறருக்கு வெறுங் கணக்கியற் சொல்லாக இருக்கலாம். எமக்கோ அது வரலாற்றின் வடு. 1970-களின் ஆரம்பத்தில் மருத்துவ பீடம் புகுவதற்குத் தமிழ் மொழிமூல மாணவன் 400 புள்ளிகளில் 250 பெறல் வேண்டும், சிங்கள மொழிமூல மாணவனுக்கு 229 போதும் என்று வெட்டுப்புள்ளி வகுக்கப்பட்டது. பொறியியலுக்கு அவ்வெட்டுப்புள்ளிகள் 250 என்றும் 227 என்றும் நின்றன. விடைத்தாள் திருத்தியவர் எவரும் பிழை செய்திலர். கூட்டற் கணக்கிலும் பிழையில்லை. புள்ளி நேராகவே இருந்தது. புள்ளிக்குப் பொருள் கற்பித்த கோலே வளைக்கப்பட்டிருந்தது. அதன் பின்னர் அக்கோலுக்கு விஞ்ஞான நிறம் பூசி, சூத்திரங்களும் மாவட்டக் கணக்குகளும் வகுத்தனர். அதன் பயனை ஒரு தலைமுறை முழுவதும் அனுபவித்தது.

அந்த அனுபவம் எமக்குக் கற்பித்த பாடம் ஒன்றே. ஒருவர் எண்ணைக் காட்டும்போது, எண்ணைப் பார்ப்பதற்கு முன் கோலைப் பார்த்தல் வேண்டும். அப்பாடத்தை இன்றைய உலகத் தரவரிசைகளுக்கும் பிரயோகித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டியல் பிறந்த கதை

அமெரிக்காவில் 'யூ.எஸ். நியூஸ் அன்ட் வேர்ல்ட் ரிப்போர்ட்' என்னும் வாரச் சஞ்சிகை 1983ஆம் ஆண்டு தன் நாட்டுக் கல்லூரிகளை வரிசைப்படுத்தத் தொடங்கியது. சஞ்சிகையின் விற்பனை பெருகியது. பிற பத்திரிகைகளும் பின்பற்றின. உலகம் முழுவதையும் ஒரே பட்டியலில் நிறுத்திய முதல் முயற்சி 2003ஆம் ஆண்டு ஷாங்காய் ஜியாவ் தொங் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. சீனத்துக் கழகங்கள் மேலைநாட்டுக் கழகங்களுக்கு எவ்வளவு பின்தங்கியுள்ளன என்று தம் அரசுக்கு எடுத்துக்காட்டுவதே அவர்தம் நோக்கமாயிருந்தது. மறு ஆண்டு, அஃதாவது 2004இல், இலண்டனிலிருந்து வெளியாகும் 'ரைம்ஸ்' உயர்கல்வி ஏடும் கியூ.எஸ். என்னும் கம்பனியும் கூட்டாகத் தமது பட்டியலை வெளியிட்டன. 2009இல் இக்கூட்டு முறிந்தது. 2010 முதல் இருவரும் தனித்தனிப் பட்டியல் வெளியிடுகின்றனர். அதே உலகம், அதே கழகங்கள், அதே ஆண்டு. ஆயினும் இரண்டு பட்டியல்களில் இரண்டு வரிசை! பொருளின் நிறை மாறவில்லை, தராசே மாறியது.

ஷாங்காய்ப் பட்டியலின் கணக்கைப் பாருங்கள். நூறு புள்ளிகளில் முப்பது, நொபெல் பரிசும் கணித மேதைகளுக்குரிய ஃபீல்ட்ஸ் பதக்கமும் பெற்ற பழைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் உரியன. இருபது, பிறரால் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளருக்கு. இருபது, 'நேச்சர்', 'சயன்ஸ்' என்னும் இரு சஞ்சிகைகளில் வெளியான கட்டுரைகளுக்கு. இருபது, குறிப்பிட்ட அட்டவணைகளிற் பதிவாகிய ஏனைய கட்டுரைகளுக்கு. எஞ்சிய பத்து, இவை அனைத்தையும் ஆசிரியர் தொகையால் வகுத்துப் பெறுவது. வகுப்பறையில் விரிவுரையாளர் எங்ஙனம் கற்பிக்கின்றார், மாணவன் புகும்போது யாதாக இருந்தான், வெளியேறும்போது யாதாக ஆனான் என்பனவற்றுக்கு நேராக ஒரு புள்ளிதானும் இல்லை. ஆய்வுலகில் ஒரு நாடு எங்கு நிற்கின்றது என்று அறிய விரும்பும் அரசுக்கு இக்கணக்கு ஓரளவு உதவலாம். எங்கே படித்தால் தன் மகள் நல்ல ஆசிரியையாக வருவாள் என்று அறிய விரும்பும் தாய்க்கு அது என்ன சொல்லும்?

கியூ.எஸ். பட்டியலின் கணக்கு வேறு. அதில் நீண்ட காலம் நூற்றுக்கு நாற்பது புள்ளி 'கல்வியுலக நற்பெயர்' என்னும் ஒன்றுக்கே வழங்கப்பட்டது. உலகெங்குமுள்ள கல்விமான்களுக்கு வினாக்கொத்து அனுப்பி, உமக்குத் தெரிந்த சிறந்த கழகங்கள் யாவை என்று கேட்பதே அதன் முறை. தாம் கண்டறியாத கழகத்தைப் பற்றி மனிதன் என்ன எழுதுவான்? கேள்விப்பட்ட பெயரையே எழுதுவான். கேள்விப்பட்ட பெயர் பட்டியலில் மேலே நிற்கும். மேலே நிற்பதனால் மேலும் பலர் கேள்விப்படுவர். இது செல்வனைச் செல்வனென்றும் வறியவனை வறியவனென்றும் ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் பறைசாற்றும் ஏற்பாடேயாம். 2023 ஜூனில் வெளியான பட்டியலில் இந்நாற்பதை முப்பதாகக் குறைத்தனர். மாணவருக்கு இத்தனை ஆசிரியர் என்னுங் கணக்குக்குரிய இருபதைப் பத்தாக்கினர். புதிய தலைப்புக்களைச் சேர்த்தனர். அவ்வாண்டு பல கழகங்கள் பல படி ஏறின, பல இறங்கின. அக்கழகங்களில் ஒரு கட்டிடமோ ஒரு பேராசிரியரோ கூடியோ குறைந்தோ அவை நிகழவில்லை. கணக்கனின் பேனா அசைந்தது; அவ்வளவே.

குடிமகன் அந்நியனான விந்தை

எம்மினத்தவரோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தைத் தமிழுலகு மறத்தலாகாது. எமது நாட்டவரான வண. தனிநாயகம் அடிகளார் அங்கே இந்தியவியல் துறையின் பேராசிரியராகப் பணியாற்றிய காலத்தில்தான், 1966ஆம் ஆண்டு, முதலாவது அனைத்துலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

2004ஆம் ஆண்டுப் பட்டியலில் மலாயாப் பல்கலைக்கழகம் 89ஆம் இடம் பெற்றது. உலகின் முதல் நூறு கழகங்களுள் ஒன்று என்று பதாகைகள் கட்டப்பட்டன, நாடே கொண்டாடியது. மறு ஆண்டு அக்கழகம் 169ஆம் இடத்துக்கு வீழ்ந்தது. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியினர் கொதித்தெழுந்தனர். நாட்டுக்கு நேர்ந்த அவமானம் என்றனர். 2006இல் துணைவேந்தரும் மாறினார். ஓராண்டுக்குள் ஒரு பல்கலைக்கழகம் எண்பது படி கெட்டுப்போகக் காரணம் யாது?

முதன்மையான காரணங்களுள் ஒன்று இது. வெளிநாட்டு மாணவரும் வெளிநாட்டு ஆசிரியரும் எத்தனை பேர் என்பதற்குப் பட்டியலிற் புள்ளி உண்டு. 2004இல் மலேசியச் சீனரையும் மலேசிய இந்தியரையும் வெளிநாட்டவர் என்று எண்ணிவிட்டனர்! மலேசிய இந்தியருட் பெரும்பாலார் தமிழர் என்பதை யாவரும் அறிவர். அம்மண்ணிற் பிறந்து, அந்நாட்டின் இறப்பர்த் தோட்டங்களிலும் புகையிரதப் பாதைகளிலும் உழைத்தோரின் பேரப்பிள்ளைகள், ஒரு கம்பனியின் கணக்கேட்டில் அந்நியராயினர். அவர்கள் அந்நியராயிருந்தவரை கழகம் உலகத் தரமுடையது. அவர்கள் குடிமக்கள் என்று திருத்தப்பட்டதும் கழகம் தரமிழந்தது!

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினால் எமது மலையகச் சகோதரர் பிறந்த மண்ணிலேயே நாடற்றவராக்கப்பட்டதை அறிந்த நாம் இதனை நகைத்துவிட்டுப் போக இயலாது. அச்சட்டம் வேண்டுமென்றே இழைத்த கொடுமை. இப்பட்டியல் நிகழ்ந்தது கவனயீனத்தால். இரண்டும் ஒன்றென்று நாம் கூறவில்லை. ஆயினும் தூரத்திலிருந்து ஒரு நாட்டை அளக்கப் புறப்படுவோன், அந்நாட்டின் குடிமகன் யார், விருந்தினன் யார் என்றறியாமலே அளந்தான் என்பது தெளிவு. அவன் எண்ணை வேதவாக்காகக் கொண்டு ஒரு நாடு ஓராண்டு கொண்டாடியது. மறு ஆண்டு அழுதது.

மலையும் மடுவும்

இது தொடக்க காலப் பிழை, இப்போது திருந்திவிட்டனர் என்று கூறுவோர் உளர். பின் நிகழ்ந்தவற்றையும் பார்ப்போம்.

2010இல் 'ரைம்ஸ்' உயர்கல்வி ஏடு தனது புதிய முறையில் வெளியிட்ட பட்டியலில் எகிப்தின் அலெக்சாந்திரியாப் பல்கலைக்கழகம் உலகில் 147ஆம் இடம் பெற்றது. ஆய்வு மேற்கோள் என்னுந் தலைப்பிலோ உலகிலேயே நான்காம் இடம்! ஆராய்ந்து பார்த்தபோது, ஒரேயொரு ஆய்வாளரின் கட்டுரைகளே இவ்வுயர்வுக்கு ஏதுவென்று தெரிந்தது. அவர் தாமே ஆசிரியராயிருந்த சஞ்சிகையில் தாமே நூற்றுக்கணக்கான கட்டுரைகளை வெளியிட்டிருந்தார். ஒரு மனிதர் தம்மைத் தாமே மேற்கோள் காட்டினார். ஒரு கழகம் மலையேறியது.

வறிய நாடுகளிலேதான் இவ்வாறு நடக்கும் என்று எண்ணுவோர் நியூயோர்க் நகரைப் பார்க்கட்டும். அங்குள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1988இல் 'யூ.எஸ். நியூஸ்' பட்டியலில் 18ஆம் இடத்தில் இருந்தது. படிப்படியாக ஏறி 2021இல் இரண்டாம் இடத்தை எய்தியது. அக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தடேயஸ் என்பார், தம் கழகம் கொடுத்த புள்ளிவிபரங்களைத் தாமே ஆராய்ந்து, அவை உண்மைக்குப் பொருந்தா என்று 2022ஆம் ஆண்டு வெளியிட்டார். இருபதுக்குக் குறைந்த மாணவர் கொண்ட வகுப்புக்கள் நூற்றுக்கு 82.5 வீதம் என்று கழகம் கூறியிருந்தது. விசாரணைக்குப் பின்னர் அது 57.2 வீதமே என்று கழகமே ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொலம்பியா மீண்டும் 18ஆம் இடத்தில் வைக்கப்பட்டது. 2023இல் அப்பட்டியலுக்கு இளமாணிப் படிப்பு விபரங்களைக் கொடுப்பதையே அது நிறுத்திக்கொண்டது.

இங்கு நாம் உற்று நோக்க வேண்டியது பட்டியலாளரின் காவல் எத்தகையது என்பதையே. இத்தனை ஆண்டுகளும் அவர்கள் கழகம் எழுதிக் கொடுத்ததைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டனர். உண்மையைக் கண்டுபிடித்தவர் அவர்களல்லர்; தம் கழகத்தின் மேன்மையைக் காட்டிலும் உண்மையைப் பெரிதெனக் கருதிய ஒரு தனி மனிதரே. தேர்வு எழுதுபவனே தன் விடைத்தாளைத் திருத்திப் புள்ளியும் இட்டுக் கொடுக்கும் பரீட்சையை எந்தப் பாடசாலையில் நாம் ஒப்புவோம்?

பிலடெல்பியா நகரின் தெம்பிள் பல்கலைக்கழகத்திலோ கதை நீதிமன்றம் வரை சென்றது. அங்குள்ள வணிகக் கல்விப் பீடம் இணையவழி முதுமாணிப் படிப்பில் நாட்டின் முதலிடத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து வகித்தது. பொய்யான விபரங்களை அனுப்பியே அவ்விடம் பெறப்பட்டதென்று நிரூபிக்கப்பட்டு, பீடத்தின் முன்னாள் தலைவர் 2021 நவம்பரில் குற்றவாளியாகக் காணப்பட்டார். 2022 மார்ச்சில் அவருக்குப் பதினான்கு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அம்முதலிடத்தை நம்பிப் பணங் கட்டிய மாணவர் எத்தனை பேர்!

நீதிபதியே வியாபாரி

இனி, தராசைப் பிடித்திருப்போரைப் பற்றிச் சிறிது. பட்டியல் வெளியிடும் கம்பனிகள் தர்ம ஸ்தாபனங்கள் அல்ல. தாம் தரங் கூறும் அதே கழகங்களுக்கு ஆலோசனை விற்கின்றனர். விளம்பர இடம் விற்கின்றனர். மாநாடுகள் நடத்திக் கட்டணம் பெறுகின்றனர். கியூ.எஸ். கம்பனி, கட்டணம் பெற்றுக்கொண்டு கழகங்களை மதிப்பிட்டு நட்சத்திரச் சின்னமும் வழங்குகின்றது. வழக்காளியிடமே சம்பளம் பெறும் நீதிபதியின் தீர்ப்பை எந்த நாட்டு நீதி ஒப்பும்?

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இகோர் சிரிகோவ் 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ருஷ்யாவின் 28 பல்கலைக்கழகங்களை எடுத்து, அவற்றுள் எவை அக்கம்பனியிடம் அடிக்கடி சேவை வாங்கின, அவற்றின் இடம் எவ்வாறு மாறியது என்று ஒப்பிட்டார். அடிக்கடி வாங்கியவை, மற்றும்படி எதிர்பார்க்கக்கூடியதைவிடப் பல படிகள் மேலேறியிருந்தன என்பது அவர் கண்ட முடிவு. கம்பனி இதனை மறுத்தது. ஆலோசனைப் பிரிவும் பட்டியற் பிரிவும் வேறு வேறென்றது. வேறாகவே இருக்கட்டும். ஒரே வீட்டின் முன் வாசலில் நீதிமன்றமும் பின் வாசலில் கடையும் இருந்தால், சனங்கள் ஐயுறாமல் இருப்பது எங்ஙனம்?

தமிழுக்கு எத்தனை புள்ளி?

இவையனைத்தினும் எமக்கு முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. இத்தராசில் தமிழ் என்ன நிறை நிற்கும்?

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் நிறுவப்பட்டது. மறு ஆண்டு அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் மட்டக்களப்புத் தந்த சுவாமி விபுலாநந்தர். பழந்தமிழர் இசையையும் மறைந்துபோன யாழ்க் கருவிகளையும் கணித நுட்பத்தோடு ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ் நூல் 1947இல் வெளியாயிற்று. பல்லாண்டு உழைப்பின் பயனாகிய அந்நூலை, இன்றைய பட்டியலாளரின் கணக்கில் வைத்துப் பாருங்கள். அது சஞ்சிகைக் கட்டுரை அன்று, நூல். ஆங்கிலத்தில் அன்று, தமிழில். அட்டவணைகளிற் பதிவான வெளியீடும் அன்று. ஆகவே அதன் பெறுமதி பூச்சியம். இன்று யாழ்ப்பாணத்திலோ கிழக்கிலோ ஓர் இளம் விரிவுரையாளர் வன்னியின் நாட்டார் வழக்காறுகளைப் பற்றித் தமிழில் ஒரு பெருநூல் எழுதினாலும் அதன் கதி அதுவே. அதே காலத்தில், எவரும் படியாத ஆங்கிலக் கட்டுரைகள் சிலவற்றைப் பணங் கட்டி அட்டவணைச் சஞ்சிகைகளில் ஏற்றுபவர் தம் கழகத்தைப் பட்டியலில் உயர்த்தியவராவார்.

இதன் விளைவு யாது? பதவி உயர்வும் பாராட்டும் அப்பட்டியல் நோக்கியே வழங்கப்படுமாயின், அறிவுடைய இளைஞர் தமிழில் எழுதுவதை விடுவர். எமது மண்ணின் நீர், நிலம், நோய், நெல் ஆகியவற்றை ஆராய்வதினும் அயல்நாட்டுச் சஞ்சிகை விரும்பும் பொருளை ஆராய்வதே இலாபமென்று காண்பர். எமது பல்கலைக்கழகங்கள் எமக்குப் பயன்படாமலே தரமுயர்ந்தனவாகும்!

யாழ்ப்பாண வளாகம் 1974இல், பேராசிரியர் கைலாசபதி தலைமையில், பெரும் வசதியேதுமின்றித் தொடங்கியது. 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1990-களில் மின்சாரமின்றிக் குப்பி விளக்கொளியிலே படித்து அங்கே பட்டம் பெற்றோர் பலர். குண்டு விழுந்த ஊரில் விரிவுரையைக் கைவிடாத ஆசிரியருக்கும், இடம்பெயர்ந்த கொட்டிலிலிருந்து பரீட்சைக்கு வந்த மாணவிக்கும் எந்தப் பட்டியலில் எந்த நிரலில் புள்ளி உண்டு?

மறுதரப்பார் வாதம்

பட்டியலை ஆதரிப்போர் கூறும் நியாயங்களையும் கேட்டல் முறை. 'செல்வாக்குடையோர் வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் கழகம் நன்று என்று சொல்ல மாமன் மைத்துனர் உளர். கமக்காரன் மகனுக்கு யார் சொல்வார்? பட்டியல்தான் சொல்லும். போலிப் பட்டம் விற்போரிடமிருந்தும் அதுவே அவனைக் காக்கும். மேலும், பட்டியலை இகழ்வோர் தம் கழகத்தின் குறைகளை மறைக்கவே இகழ்கின்றனர்' என்பர்.

இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் போலியை இனங்காண வரிசை எண் வேண்டுவதில்லை. அங்கீகாரம் பெற்ற கழகங்களின் பெயர்ப்பட்டியலே போதும். முதல் நூறில் நிற்பதற்கும் ஆயிரத்துக்கு அப்பால் நிற்பதற்கும் இடையே ஆய்வு வளத்தில் பெரு வேறுபாடு உண்டென்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் 412ஆம் இடத்துக்கும் 437ஆம் இடத்துக்கும் இடையே என்ன வேறுபாடு? அவ்வேறுபாட்டை நம்பியே எமது பெற்றார் காணியை ஈடு வைக்கின்றனர். வெளிநாட்டுக் கல்வி முகவர்கள் 'உலகின் முதல் ஐந்நூறுக்குள்' என்று விளம்பரஞ் செய்யும்போது, எந்தப் பட்டியல், எந்த ஆண்டு, எந்தத் துறை என்று கேட்பார் இல்லை.

குறைகளை மறைக்க நாம் பட்டியலை இகழவில்லை. குறைகளைப் பட்டியலே மறைக்கின்றது என்பதே எமது வாதம். எமது பல்கலைக்கழகங்களின் நோய்கள் பல. ஆசிரியர் வெற்றிடங்கள் நிரப்பப்படுவதில்லை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நாட்டைவிட்டுச் சென்ற விரிவுரையாளர் பலர். நியமனங்களில் அரசியல் புகுகின்றது. பகிடிவதை என்னுங் கொடுமை இன்னும் ஒழிந்தபாடில்லை. 1997இல் பேராதனையில் ஒரு தமிழ் மாணவன் அதற்குப் பலியான பின்னர், 1998இல் பகிடிவதையைத் தடை செய்யும் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் ஏட்டில் இருக்கின்றது. எந்த உலகப் பட்டியலிலாவது பகிடிவதைக்கு ஒரு நிரல் உண்டா? இல்லை. ஒரு கழகம் இருபது படி ஏறியதென்று விழா எடுக்கும் அதே நாளில், அதன் விடுதியில் ஒரு முதலாண்டு மாணவன் நடுங்கிக்கொண்டிருக்கலாம்.

2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் மாதக்கணக்காக வேலைநிறுத்தஞ் செய்து, தேசிய வருமானத்தில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோரியது. அக்கோரிக்கையை நிறைவேற்றாத ஆட்சியாளருக்குப் பட்டியல் பெரிய வசதி. பணங் கொடாமலே 'ஏன் நீர் மேலேறவில்லை?' என்று கழகத்தைக் கேட்கலாம். இணையத்தளத்தைச் சீர்செய்து சில படி ஏறினால் அதனைச் சாதனையென்று கூறியும் கொள்ளலாம். இது மிகையன்று. ஸ்பெயினிலிருந்து 2004 முதல் வெளிவந்த 'வெபோமெற்றிக்ஸ்' பட்டியலின் புள்ளிகளிற் பாதி, ஒரு கழகத்தின் இணையத்தளத்தைப் பிற தளங்கள் எத்துணை சுட்டுகின்றன என்பதற்கே வழங்கப்பட்டது. அதைக் கொண்டே இந்நாட்டின் சிறந்த கழகம் எதுவென்று எமது பத்திரிகைகள் தலைப்பிட்டு வந்தன.

எண் சட்டமாகும் ஆபத்து

ஒரு கம்பனியின் கருத்து, கருத்தாகவே இருக்கும்வரை கேடில்லை. அது அரசின் சட்டமாகும்போதே ஆபத்து. 2022 மே மாதம் பிரித்தானிய அரசு, சிறந்த பட்டதாரிகளை வரவேற்கும் புதிய விசாவொன்றை அறிமுகஞ் செய்தது. மூன்று பட்டியல்களில் இரண்டிலேனும் முதல் ஐம்பதுக்குள் நின்ற கழகத்திற் பட்டம் பெற்றவர்க்கே அவ்விசா. முதலில் வெளியிட்ட கழக வரிசையில் தென்னாசியாவிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ இலத்தீன் அமெரிக்காவிலிருந்தோ ஒன்றுதானும் இல்லை! தம் திறமையால் எவ்வளவு உயர்ந்த மாணவனாயினும், பிறந்த கண்டத்தின் கழகத்திற் படித்த குற்றத்துக்காக அவன் வாசலில் நிறுத்தப்பட்டான். வெட்டுப்புள்ளி வேறு வேஷத்தில் வந்தது. அயல்நாடாகிய இந்தியாவும், வெளிநாட்டுக் கழகங்கள் அங்கே வளாகம் திறப்பதற்கு உலகப் பட்டியலில் முதல் 500க்குள் நிற்றலை ஒரு தகுதியாக 2023இல் விதித்தது.

மறுபுறத்தே எதிர்ப்பும் வளர்கின்றது. சென்னை, மும்பாய், டெல்லி உள்ளிட்ட ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள், முறையில் வெளிப்படைத்தன்மை இல்லையென்று கூறி 2020இல் 'ரைம்ஸ்' உயர்கல்விப் பட்டியலைப் பகிஷ்கரித்தன. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் முதலிடம் வகித்த யேல், 2022 நவம்பரில் தானே 'யூ.எஸ். நியூஸ்' பட்டியலிலிருந்து விலகியது. நெதர்லாந்தின் உத்ரெக்ட் 2023இலும், சுவிட்சர்லாந்தின் சூரிக் 2024இலும் 'ரைம்ஸ்' பட்டியலை விட்டன. பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகமும் அவ்வாறே விலகும் முடிவை 2025இல் அறிவித்தது. தோற்றவர் பந்தயத்தைப் பழிக்கின்றார் என்று இவர்களைப் பற்றிக் கூற இயலாது. முன்வரிசையில் நின்றோரே பந்தயத்தை வெறுத்து வெளியேறினர்.

எமது கடமை

ஆகவே செய்யத்தக்கது யாது?

பெற்றார் முகவரிடம் வரிசை எண்ணைக் கேளாது, பின்வருவனவற்றைக் கேட்கட்டும். இப்படிப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்திற் பட்டம் பெற்றனர்? ஒரு வகுப்பில் எத்தனை மாணவர்? நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்? பட்டம் பெற்றோர் இன்று எங்கே பணிபுரிகின்றனர்? இந்நாட்டிலே அப்பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா? இவற்றுக்கு விடை கூறாத முகவருக்கு ஒரு சதமும் கொடுக்கற்க.

எமது பல்கலைக்கழகங்கள், வடக்கிலும் கிழக்கிலும் உள்ளவை சிறப்பாக, இவ்விபரங்களைத் தாமே ஆண்டுதோறும் தமிழில் வெளியிடட்டும். வெற்றிடம் எத்தனை, இடைவிலகியோர் எத்தனை, பகிடிவதை முறைப்பாடு எத்தனை, எடுத்த நடவடிக்கை யாது என்பனவும் அதில் இடம்பெறட்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தர உறுதிப்பாட்டுப் பிரிவு, அனுபவமிக்க ஆசிரியர் குழுக்களை நேரில் அனுப்பிக் கழகங்களை ஆராய்வித்து அறிக்கை பெறுகின்றது. தூரத்திலிருந்து எறியும் எண்ணைவிட, நேரில் வந்து கண்டோர் எழுதும் பத்துப் பக்கம் மேலானது. அவ்வறிக்கைகளைப் பத்திரிகைகள் படித்து மக்களுக்கு எடுத்துரைக்கட்டும். தமிழில் எழுதப்படும் நல்லாய்வுக்கு ஆங்கிலக் கட்டுரைக்குரிய மதிப்பைப் பதவி உயர்வுக் குழுக்கள் வழங்கட்டும்.

அரசுக்கு நாம் கூறுவது ஒன்றே. பட்டியலை எமக்குக் காட்டுவதற்கு முன் வரவு செலவுத் திட்டத்தைக் காட்டுக.

வளைந்த கோலொன்று எமது பிள்ளைகளின் வாழ்வை வெட்டியதை ஒருமுறை கண்டோம். அன்று அக்கோலைப் பிடித்தவர் கொழும்பில் இருந்தார். எதிர்த்து நிற்க எமக்கொரு முகவரி இருந்தது. இன்றைய கோலைப் பிடித்திருப்போர் கடல் கடந்திருக்கின்றனர். எமது வாக்கு அவர்களை எட்டாது. அவர்கள் கோலை நாமே எடுத்து எமது பிள்ளைகளை அளக்கத் தொடங்காதிருப்பது மட்டும் எமது கையில் உள்ளது. அதையேனும் செய்வோமாக.